துண்டு

மெர்பேங்கில் எங்கள் கராஜின் மூன்று சுவரில்
முட்டை அட்டை ஒட்டியிருக்கும்.
நாலாவதில் முருகன்,
காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவர்.

ஒற்றுமையைப் பற்றிப் பத்துப் பாட்டு
என்று முன்பணம் எண்ணினார் பாஸ்டர் மூன்சாமி.
எண்ணும்போதே கண் சுவருக்குப் போனது.
"தப்பா எடுத்துக்காதே, கோகி,
ரெக்கார்டிங் முடியிற வரைக்கும்தான்."
தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.
நீலக் கோடு போட்ட குளியல் துண்டொன்றைத்
தொங்கவிட்டேன் அவர்மேல்.
சொல்லப்போனால் எதிரொலிகூடக் குறைந்தது.

குரல், பாஸ்டரின் மகள் ரோசலின்.
கிட்டார், ஜெரமையா படையாச்சி;
இரண்டு தடவை ஞானஸ்நானம் எடுத்தவன்,
முதல் தடவை தண்ணீர் போதவில்லை என்பான்.
வென்ட்வொர்த்திலிருந்து ட்யூரல் ஃபின், பேஸ்.
உம்லாசியிலிருந்து என்கன்யிசோ
டாக்சியில் வருவான், பெரிய டிரம்முக்கும்
ஓர் ஆள் காசு கட்டி.

மூன்றாவது பாட்டில் உடைந்தது.
"நாம் ஒன்று" வரும் இடத்தை ஜூலுவில் பாடலாமே என்றான் அவன்.
கடைசியில் வைக்கலாம் என்றான் ஜெரமையா.
ஏன் கடைசியில்?
அந்த "ஏன்" இன்னும் என்னிடம் இருக்கிறது,
பெயர் வைக்காத ஒரு கோப்பில்.
அதற்குப் பின் பதினொரு விநாடி
எண்ணெய் ஆலையின் உறுமல் மட்டும்.

பிறகு ஆளுக்கொரு நாள் வந்தார்கள்.
ஒரே ஹெட்ஃபோன்,
அதில் டிக் டிக்கென்று ஒரு தாள எண்ணிக்கை.
நால்வரும் பிட்டுக்கொண்ட அப்பம்
அது ஒன்றுதான்.

விமான நிலையம் அப்போது எங்கள் முதுகுப்பக்கம்.
ஜொஹானஸ்பர்க் முழுவதும்
கூரைமேல் வந்து இறங்குவதுபோல் இருக்கும்.
சத்தம் அடங்கக் காத்திருப்போம்.
மின்வெட்டென்றால் இரண்டு மணி நேரம்.
காத்திருக்கும்போது, கேட்காத மாதிரி, என்னிடம் கேட்பார்கள்:
ட்யூரல் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா.
டிரம்முக்கு இன்னும் காசு வாங்குகிறானா
அந்த டாக்சிக்காரன்.

ரோசலினுக்கு வெள்ளிக்கிழமை.
பிப்ரவரிப் புழுக்கம்; மின்விசிறி போட்டால் மைக்கில் ஏறும்.
ஏழாவது டேக்கில் கண்ணுக்குள் வியர்வை இறங்க
கண்ணை மூடியபடியே கையை நீட்டித் தடவி
அகப்பட்டதை இழுத்தாள்.
முகம் துடைத்தாள். கழுத்து. முழங்கை மடிப்பு.
பிறகுதான் பார்த்தாள்.

பொத்தானில் வைத்த விரலை
எடுக்கவும் தோன்றவில்லை எனக்கு, அழுத்தவும்.

"மயில் நல்லா இருக்கு" என்றாள்.
துண்டை மைக் கம்பியில் போட்டாள்.
"எட்டு" என்றாள்.
ஆல்பத்தில் இருப்பது அந்த எட்டுதான்.

எல்லாம் கலந்து முடித்ததும் கேட்க வந்தார்கள், நால்வரும்.
எங்கள் சோபாவில்
முழங்கால் இடிக்காமல் உட்கார வழியில்லை.
ஒவ்வொருவராக எழுந்து வந்து என் காதோரம்:
கிட்டாரைக் கொஞ்சம் கூட்டேன், கோகி.
பேஸ் கேட்கவே இல்லையே.
மேசைக் கோடியில் ஒரு குமிழ் உண்டு,
எதனோடும் இணைக்காதது.
நால்வருக்கும் அதையே திருகினேன்,
புருவத்தைச் சுருக்கி, மிகக் கவனமாக.
"ஆ, இப்ப சரி."
நாலு பேரும்.

பாஸ்டர் கடைசியில் வந்தார், மீதிப் பணத்தோடு.
மூன்றாவது பாட்டில் ஜூலு வரிதான் முதலில் வருகிறது.
ஜெரமையா கேட்டு மாற்றியது,
தனியாக வந்த ஒரு நாள், போகிற போக்கில்.
கண்மூடிக் கேட்டார் பாஸ்டர்.
"அடியில என்னம்மா அது, ம்ம்ம்னு?"
ஆலை, பாஸ்டர். அதை எடுத்தால்
எல்லார் குரலிலும் கொஞ்சம் போய்விடும்.
"இருக்கட்டும், இருக்கட்டும்."

கண் திறந்தபோது எதிரே சுவர்.
துண்டு வெளியே கொடியில்
காய்ந்துகொண்டிருந்தது.

பணத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னார்.
எண்ணினேன்.
சரியாக இருந்தது.